மல்லிகை விமானத்தில் வந்தது, நாம் துறைமுகத்தில் நின்றோம்

நம் நடிகை அக்கா கதாநாயகி ஆகிவிட்டார், படப்பிடிப்பு இங்கேதான், அதுவும் கப்பலில் வருகிறார், கேட்டாயாடி!

இன்று காலை நம் தீவின் அபர்டீன் பஜாரில் மல்லிகை வாசனை வந்ததும் உன்னிடம் சொல்லத்தான் முதலில் கை போனை எடுத்தது. நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அக்காவுக்காக நாம் நெட்டில் நடத்திய ரசிகர் பக்கத்திலிருந்து உன் பெயரை மட்டும் நான் எடுக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு நாம் இருந்த தகரக் கொட்டகையில் ஒரே டிவி. அதில் வந்த தொடரில் அக்கா, கதாநாயகிக்குக் காப்பி கொண்டுவரும் தங்கை. "இவங்க சினிமால ஹீரோயின் ஆவாங்க, பாரு" என்றாய். கொட்டகையே சிரித்தது. "காப்பி ஆறிடப் போகுதுடி, முதல்ல அதைக் குடுக்கச் சொல்லு" என்றார் உன் அம்மா. பிறகு அக்கா வில்லி மருமகள் ஆனார், நடனப் போட்டிக்கு நடுவர் ஆனார், சினிமாவில் கதாநாயகியின் தோழி ஆனார். அவர் போட்டோ ஒவ்வொன்றையும் நம் பக்கத்தில் ஏற்றுவோம். இங்குள்ள நெட்டில் ஒரு போட்டோ ஏறுவதற்குள் நீ குளித்துவிட்டே வந்துவிடுவாய்.

நகைக்கடை திறக்க அவர் வந்த நாள் நினைவிருக்கிறதா? மாலையோடு துறைமுகத்துக்கு ஓடினோம். கப்பலிலிருந்து கடைசி ஆளும் இறங்கினார், அக்கா மட்டும் இல்லை. பஜாருக்குத் திரும்பினால் பூக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார்: "அரே பாகல், பைத்தியங்களா! நான் விக்கிற பூவே பிளேன்ல வருது, நடிகை கப்பல்லயா வருவா?"

வாடிய மாலையோடு நகைக்கடைக் கூட்டத்தில் புகுந்து அக்கா முன்னால் நின்றாய்.

"மெயின்லேண்ட்ல இருந்து யார் வந்தாலும் கப்பல்லதானே வருவாங்க, அக்கா?"

அவர் சிரித்த சிரிப்பில் மைக்கே கீச்சிட்டது. "சரி, ஹீரோயின் ஆனதும் கப்பல்லயே வர்றேன். நீதான் வந்து மாலை போடணும்."

நேற்று தன் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: "கப்பல் டிக்கெட் எடுத்தாச்சு. அந்த மாலைப் பொண்ணு வருவாளா?"

போனை உன் அம்மாவிடம் காட்டினேன். "நான் போடுறேன்டி. அன்னைக்குச் சிரிச்சவ நான்தானே" என்றார்.

அக்கா ஹீரோயின் ஆவார் என்று நீ அடித்துச் சொன்ன அந்தத் தைரியம்தான் இப்போது என்னிடம் மிச்சம். அதை வைத்துத்தான் மற்றவர்களையும் கூப்பிடுகிறேன்.

கராச்சர்மா, புரோத்ராபூர் ஊர்களின் ரசிகர்களே, இதைப் பகிருங்கள். கப்பல் வரும் காலை எல்லாரும் துறைமுகத்துக்கு வாருங்கள். அக்கா இறங்கியதும் "அந்தப் பொண்ணு எங்கே?" என்று கேட்பார். நான் தனியாக அழுதுகொண்டு நிற்கக் கூடாது. எல்லாரும் சேர்ந்து, கப்பல் சங்கையும் மிஞ்சும்படி, அவள் பெயரைச் சொல்லுங்கள்.