வரிசையில் மிஞ்சாத செருப்பு

இயேசு மரி சூசை துணை

பாயான் பாரு
சனிக்கிழமை

அன்பு மகன் மார்க்குக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்த டப்ளின் குளிரில் உனக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று தினமும் ஜெபமாலையில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை. உன் தங்கை சோஃபியா செபராங் ஜெயாவில் புது ஆபீசுக்கு மாறிவிட்டாள், தினமும் கடலைத் தாண்டிப் போகும் பாலத்து நெரிசலைப் பற்றித்தான் எந்நேரமும் புலம்பல். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

ரிட்டயர் ஆன பிறகு தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை ஓட்டக் குழுவை நான் பார்த்துக்கொள்வது உனக்குத் தெரியும். பிள்ளைகள் கேட்டருகே செருப்பை வரிசையாகக் கழற்றிவிட்டு, பள்ளிப் பெட்டியிலுள்ள ஓட்டச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, அடுக்குமாடிகளைச் சுற்றி ஓடிவருவார்கள். வந்ததும் சப்பாத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு அவரவர் செருப்போடு வீட்டுக்குப் போவார்கள். வரிசையில் செருப்பு மிஞ்சாவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று என்பது என் கணக்கு. முப்பது வருடம் ஃபேக்டரியில் பொருளை எண்ணியே பழகியவன் இல்லையா, இரண்டு வருடமாக அது தப்பியதும் இல்லை. போன மாதம் காமினி என்று எட்டு வயதுப் பிள்ளை புதிதாகச் சேர்ந்தாள். அவள் காலுக்குப் பெட்டியில் சப்பாத்து இல்லை, போட்டு வந்த பள்ளிச் சப்பாத்திலேயே ஓடும்மா என்று நான்தான் அனுப்பினேன். அன்று செருப்பு ஒன்றும் மிஞ்சவில்லை, கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பசியாறிக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மா, பூட்டிய கேட்டருகே நின்று எனக்குப் போன் செய்து, சார், பாப்பா எங்க சார் என்று கேட்டாள். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த் தேடினேன். அடுக்குமாடிக்குப் பின்னால் லோங்காங் சாக்கடை ஓரத்தில், கால் சுளுக்கி உட்கார்ந்திருந்தாள் காமினி. முந்தின நாள் மழைக்கு அதில் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஏம்மா கூப்பிடல என்று கேட்டேன், லேட்டா வந்தா ஏசுவீங்கன்னு நெனச்சேன் சார் என்றாள்.

பெற்றோர் கூட்டத்தில் குழுவை மூடச் சொன்னார்கள். நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். காமினியின் அம்மாதான் எழுந்து, மூட வேணாம் சார், ஆனா நீங்க செருப்பத்தான் எண்ணுனீங்க, பிள்ளைய எண்ணல என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இன்று காலை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், ஓடும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை. கட்டுப் போட்ட காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த காமினியும், இருக்கேன் சார் என்றாள். அப்போதுதான் உன் நினைவு வந்தது தம்பி. ஞாயிறுதோறும் ஓகேப்பா என்று மெசேஜ் போடுகிறாய், நானும் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளை வந்து சேர்ந்துவிட்டான் என்று கேட்டைப் பூட்டிவிடுகிறேன். போன முறை வீடியோவில் உன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை, அது என் தப்பு. வேலையா, உடம்பா, மனசா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் சொல், நான் ஏச மாட்டேன்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, காது மூடாமல் வெளியே போகாதே. இது கிடைத்ததும் மெசேஜ் போடாதே, கூப்பிடு. உன் பெயரைச் சொல்லிக் கேட்பேன், நீ பதில் சொல்லும்வரை லைனிலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பேட்ரிக்