கொள்ளிடத்து மணலில் பிரம்மதண்டு

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் வேலைக்குப் போய் மூன்று மாதமாகிறது. அந்தத் தீவில் முள்செடி மண்டிக் கடற்பறவைகளுக்குக் கூடு வைக்க இடமில்லை, அதை ஒழிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு மறுநாள் கொள்ளிடத்துக்குப் போனேன்.

நம் ஸ்ரீரங்கமும் தீவுதானே. மணல்திட்டு முழுக்க மஞ்சள் பூவும் முள்ளுமாகப் பிரம்மதண்டு. அதுவும் வேறு தேசத்திலிருந்து வந்த செடிதான். பக்கத்து வீட்டுப் பானுமதியும் நானும் தினமும் காலையில் போய்ப் பிடுங்கினோம்.

நேற்று ஓர் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. பார்த்தால், ஒரு செடிக்கடியில் அதன் முட்டைகள்.

"இதை மட்டும் விட்டுடலாங்க. வெயில்ல முட்டை வெந்துடும்" என்றாள் பானுமதி.

"விட்டா விதை கொட்டிடுமே?"

கடைசியில் காய்களை மட்டும் கிள்ளிக்கொண்டு, செடியை நிழலுக்காக விட்டுவந்தோம். அங்கே நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

இனிமேல் பானுமதி தனியாகத்தான் போக வேண்டும். என்னைக் குனிந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயப்படாதீர்கள். நான்காம் மாதத்தில் எல்லோருக்கும் சொல்வதுதானாம். போனில் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

அந்த ஒரு வருஷத்துக்கு நீங்கள் என்ன பதில் சொன்னாலும் எனக்குச் சம்மதம். இதைப் படித்த பிறகு சொல்லுங்கள், அவ்வளவுதான்.

உங்கள்,
வீட்டிலிருப்பவள்