சாமி வராத கொடை

1979 ஏப். 21, சனி

காலையிலேயே வெயில். தலைவலி, மாத்திரை. குடிதண்ணீர் வரவில்லை.

வில்லுப்பாட்டு மாடத்தி அக்கா வீட்டில் ஒத்திகை, நானும் கிட்டாரோடு. குடம் அடிப்பது அவர் புருஷன் செல்லையா அண்ணாச்சி. பம்பாய் ஹோட்டலில் அத்தனை வருஷம் ஜாஸ் வாசித்தேன். எல்லாம் அடுத்தவன் வாசித்ததைப் பார்த்து வாசித்தது. அங்கே பாண்டை நிறுத்தினார்கள், ஊருக்குத் திரும்பினேன். இங்கே கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுக்குக் கிட்டார். ஆனால் செல்லையா அண்ணாச்சியின் தாளம் ஒரு நூலிழை பிந்தித்தான் விழும். என் ஜாஸ் போய் உட்கார்ந்தது அந்த இடைவெளியில்தான். நான் வாசிப்பதை இன்று நானே முதன்முறையாகக் கேட்டேன்.

அக்கா: "செவ்வாக்கெழம கோயில் கொடைக்கு நீயும் வா தம்பி. இதை நாலு பேரு கேக்கணும்."

"சாமி காரியம்லா அக்கா?"

"சாமிக்குக் காது இல்லையாக்கும்?"

ஏப். 25, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

குருவிகுளம் பக்கத்துக் கிராமம். உச்சிவேளைக் கொடை. முதலில் நன்றாகவே போனது. கிட்டார் சத்தத்துக்குப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சர்பத் விற்றவர் கூட வண்டியை விட்டுவிட்டு வந்தார்.

பிறகு வில்லுக் கதையில் சாமி பிறக்கும் கட்டம். வருஷாவருஷம் அங்கேதான் சாமியாடி கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு அருள் வரும். கச்சை கட்டி, மாலை போட்டு, வில்லுக்கு எதிரே நின்றார். அக்கா பாடினார். வரவில்லை. வேகத்தைக் கூட்டினார். வரவில்லை. நான் கிட்டாரை நிறுத்தினேன். வெறும் வில்லும் குடமும். அப்போதும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தார். பிறகு அழ ஆரம்பித்தார். மைக்கில் கேட்டது:

"வரலியே... வரமாட்டேங்காரே..."

"அந்த டொயிங் டொயிங்கைத் தூக்கிட்டு வெளிய போவே!" யாரோ ஒருவர். அப்புறம் எல்லாரும்.

சாமி வராமல் திருநீறு இல்லை, குறி இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் கடைசிவரை நின்றாள். அவள் என்னைத் திட்டவே இல்லை.

ஏப். 30, திங்கள்

சவரம். துணி வெளுக்கப் போட்டது. கிட்டாரைத் தொடவில்லை.

செல்லையா அண்ணாச்சி வந்தார். உட்காரவில்லை.

"மேலநீலிதநல்லூர்ல வேண்டாம்னுட்டாவ. இன்னும் ரெண்டு ஊர்லயும். சாமி வெறுத்த பாட்டுக்காரியாம். இனிமே நாங்க என்ன செய்ய, சொல்லும்வே."

"நான் வேணா அங்கன போய்ப் பேசட்டுமா அண்ணாச்சி?"

"நீரு வாசிச்சதே போதும்."

காபி அப்படியே ஆறிக் கிடந்தது.

மே 3, வியாழன்

இருந்தாலும் போனேன், கொடை நடந்த ஊருக்கு. கோமதிநாயகம் அண்ணாச்சி காட்டில் காய்ந்த பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தார். திட்டட்டும் என்று நின்றேன்.

"ஒன் வாத்தியம் நல்லாத்தான் இருந்துச்சி, மக்கா."

விளங்கவில்லை.

"நெசமாத்தான் சொல்லுதேன். அடுத்தாப்ல எங்க போவும், எங்க போவும்னு காது அது பின்னாலயே போயிட்டு. சாமி வரணும்னா நான் அங்கன இருக்கக் கூடாது. நான் இருந்துட்டேன்."

"இதை ஊர்ல சொல்லுங்க அண்ணாச்சி. அக்கா மேல குத்தம் இல்லைன்னாவது சொல்லுங்க."

"சாமி முன்னால பாட்டுக் கேட்டுக்கிட்டு நின்னேம்னு சொன்னா, நாளைக்கு எங் கையால எவன் துண்ணூறு வாங்குவான்? நீயே சொல்லு."

செடிக்கட்டைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டேன். நடந்தார்.

இத்தனை காலத்தில் என் வாசிப்பை இப்படிக் கேட்டவர் வேறு யாருமில்லை. பஸ்ஸில் இதையே நினைத்து வந்தேன். சந்தோஷமா இது?

மே 6, ஞாயிறு

மாடத்தி அக்காவைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அதே ஊரில் மறுபடி கொடை. அக்காவே பாட வேண்டும், பழையபடி. அன்றும் சாமி வராவிட்டால் அதற்குப் பிறகு அவரை எந்த ஊரிலும் கூப்பிட மாட்டார்கள்.

"மெட்ராஸ் போவோம் அக்கா. ரெக்கார்டு கம்பெனியில பாடிக் காட்டுவோம்."

"எவனுக்குக் காட்ட? கேக்குதவன் எனக்கு எதுக்க உக்காந்திருக்கணும் தம்பி." தவலையை இடுப்பில் ஏற்றினார். "வெள்ளிக்கெழம நீ அந்தப் பக்கம் வந்துராத, என்ன?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மே 11, வெள்ளி

மைக்செட் எங்கள் அண்ணனுடையது. அவன் மட்டும் போனான். தெரு முழுக்கத் தறிச் சத்தம். இந்நேரம் பிறப்புக் கட்டம் வந்திருக்கும் என்று நினைத்து நினைத்தே சட்டை நனைந்தது. சாமி வர வேண்டும். வந்தால், கெடுத்தது என் வாசிப்புதான் என்று முடிவாகிவிடும். இருந்தாலும் வரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

மே 12, சனி

காலையில் அண்ணன் வந்தான். கடை வாசலில் குழாய் ஸ்பீக்கர்களை இறக்கியபடி:

"மொதப் பாட்டே முடியல, வந்துட்டுலே. என்ன ஆட்டம்! ஊரே அழுதுட்டு."

"அக்கா?"

"அவளும்தான். மேலநீலிதநல்லூர்க்காரவ அங்கனயே வெத்தல பாக்கு வச்சிட்டாவ."

அப்பாடா. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டே, முகம் பார்க்காமல்: "ஒண்ணு சொல்லணும். துண்ணூறு குடுத்துக்கிட்டே வந்த சாமி சட்டுனு நின்னு, வில்லுப் பக்கம் பாத்து, 'எங்கலே அந்தக் கம்பிக்காரப் பய?'ன்னு கேட்டுட்டு."

"கேட்டது சாமியா, கோமதிநாயகம் அண்ணாச்சியா?"

"அது எனக்கு எப்படிலே தெரியும்?"

"யாரு என்ன சொன்னா?"

"யாரு சொல்லுவா? எல்லாரும் தரையப் பாத்தாவ. ரெண்டாந் தடவையும் கேட்டுட்டு. அக்கா அடுத்த பாட்டை எடுத்துட்டா."

நாளை ராயகிரியில் கல்யாணம், சினிமாப் பாட்டு.