இரண்டு கையையும் ஆட்டினால்

மார்ச் 4, திங்கள்

காயல், பவளப்பாறை, தரைக்குள் தானாக அமைந்த பாறைக் கிணறு. சுற்றுலாப் பயணிகளுக்கு மூன்றும் ஒரே நாளில், நடுவில் சாப்பிட மீன் தாக்கோ, சோள ரொட்டியில் மடித்தது. பள்ளிக்கூடத்தில் இலக்கியம் நடத்தியபோது யாரும் என்னைக் கவனித்ததில்லை. இப்போது வழிகாட்டி, படகில் எல்லாரும் கவனிக்கிறார்கள். தண்ணீரில் மிதப்பவர் உச்சந்தலையில் முஷ்டியை வைத்தால் நலம். இரண்டு கையையும் ஆட்டினால் காப்பாற்று. என் பாடத்திட்டம் இப்போது இவ்வளவுதான்.

முதலாளி தோன் எலாதியோ விளம்பரப் படம் எடுக்க ட்ரோன் வாங்கியிருக்கிறார். மேலிருந்து பார்த்தால், தலையில் கை வைத்து மிதக்கும் கூட்டம் துக்க வீடு மாதிரி இருக்கிறதாம்.

"கையாட்டச் சொல்லுங்கப்பா. காசு குடுத்து வந்தவங்க சந்தோஷமா தெரிய வேணாமா?"

படகோட்டி வில்பெர்த், என் மகளின் ஞானத்தகப்பன், சொன்னான்: "கையாட்டினா ஆபத்துன்னு அர்த்தம், தோன் எலாதியோ."

"அப்ப அர்த்தத்த மாத்திடு."

மார்ச் 7

மாற்றியாகிவிட்டது. அலுவலகச் சுவரில் அறிவிப்பு: கையாட்டினால் மகிழ்ச்சி, ஆபத்துக்கு விசில். விசில்கள் மெரிதா நகரத்திலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அதுவரை ஆபத்துகள் பொறுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

"வாத்தியாரே, விசில் வர்ற வரைக்கும் மூழ்குறவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டான் வில்பெர்த்.

"ஆட்டுவான்" என்றேன். சிரித்தோம்.

மார்ச் 12

வடக்குக் காற்று. துறைமுகத்தை மூடிவிட்டார்கள். விசிலும் வரவில்லை.

மார்ச் 15

நேற்று எழுத முடியவில்லை.

பிர்கித் என்று ஒரு பெண்மணி வந்திருந்தார். ஓய்வுபெற்ற நூலகர், தனியாக. காயலில் ட்ரோன் வந்ததும் எல்லாரும் கையாட்டினார்கள், அவர் ஆட்டவில்லை. "நான் என்ன ஊர்வலத்துலயா போறேன்?" என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வில்பெர்த்துக்கு அது சவாலாகிவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள அந்தம்மாவ ஆட்ட வைக்கிறேன், பாருங்க வாத்தியாரே."

பவளப்பாறையில் ட்ரோன் மறுபடி வந்தது. எல்லாரும் ஆட்டினார்கள். கடைசியில், கொஞ்சம் தள்ளி, பிர்கித்தும். இரண்டு கையையும்.

"பாத்தீங்களா, ஜெயிச்சிட்டேன்" என்று படகிலிருந்து கத்தினான் வில்பெர்த். எழுந்து நின்று பதிலுக்கு ஆட்டினான். நானும் ஆட்டினேன். நானும்தான்.

பிறகு அவர் முகம் கவிழ்ந்து, அசையாமல் மிதந்தார். எங்கள் தொழிலில் மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு அப்படி மிதந்து மீன் பார்ப்பவர்தான் நல்ல வாடிக்கையாளர். நான் மற்றவர்களுக்கு ஆமை காட்டப் போனேன்.

இதயம். படகில் தூக்கிப் போட்டபோது உயிரில்லை. லைஃப் ஜாக்கெட் உடம்பை மிதக்க வைக்கும். அதற்குமேல் அது பொறுப்பேற்பதில்லை. உடனே தூக்கியிருந்தா? ஆட்டினப்பவே குதிச்சிருந்தா — டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் கை கழுவப் போயிட்டார்.

கரையில் முதலாளியின் அழைப்பு. "ரொம்ப வருத்தமா இருக்கு. பாறைக் கிணத்துக்குச் சொல்லி வச்சிருக்கு, மத்தவங்கள கூட்டிட்டுப் போயிடுங்க."

கூட்டிப்போனேன். வேறென்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும். வெயிலுக்குப் பூசிய களிம்பெல்லாம் போகக் குளித்துவிட்டுத்தான் கிணற்றில் இறங்க வேண்டும். வரிசையாக நின்று குளித்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. தண்ணீர் அடிவரை தெரிந்தது.

மார்ச் 16

வில்பெர்த்தைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீரில் இருப்பவர்களைக் கண்காணிப்பது படகோட்டியின் வேலை, சட்டப்படி. சாப்பாடு கொண்டுபோனேன். தொடவில்லை.

"இத்தன வருஷமா யாராவது ஆட்டினா யோசிக்காம குதிப்பேன், வாத்தியாரே. அன்னைக்கு நின்னு ஆட்டியிருக்கேன். பல்லக் காட்டிக்கிட்டு."

மார்ச் 18

தோன் எலாதியோ வீட்டுக்கு வந்தார், கேக்குடன். சுவரிலிருந்த அறிவிப்பு காணாமல் போய்விட்டதாம்.

"விசாரணையில கேட்டா, விசில் எல்லாருக்கும் குடுத்தாச்சு, அந்தம்மா ஊதலன்னு சொல்லிடுங்க. ஊதலன்னா யார் மேலயும் தப்பில்ல. வில்பெர்த் வீட்டுக்கு வந்துடுவான்."

"பொய்யில்லையா அது?"

"அப்ப சரி, நீங்க உண்மையவே சொல்லுங்க. அவன் உள்ளயே கிடக்கட்டும். அவன் பொண்டாட்டிகிட்டயும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

கேக் நன்றாக இருந்தது என்று மகள் சொன்னாள்.

மார்ச் 20

அரசு வழக்கறிஞர் அலுவலகம். ட்ரோன் எடுத்ததைப் போட்டுக் காட்டினார்கள். மிக அழகான படம். எல்லாரும் கையாட்டுகிறார்கள், நானும், படகில் வில்பெர்த்தும். எது மகிழ்ச்சி, எது ஆபத்து என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மற்றவர்கள் ட்ரோனைப் பார்த்து ஆட்டினார்கள். அவர் எங்களைப் பார்த்து.

"அந்தம்மா விசில் ஊதினாங்களா?"

"ஊதல."

உண்மை. அவர்கள் அதற்குமேல் கேட்கவில்லை. நான் அதற்குமேல் சொல்லவில்லை. வாக்கியம் முழுமையாகவே இருந்தது. இலக்கண வாத்தியாராக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

பிர்கித்துக்காக யாரும் வரவில்லை.

மார்ச் 22

வில்பெர்த்தை விட்டுவிட்டார்கள். நான் என்ன சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஏப்ரல் 2

விசில்கள் வந்துவிட்டன. ஆரஞ்சு நிறம்.

மே 19, ஞாயிறு

வில்பெர்த் கடலுக்கு வருவதில்லை. சதுக்கத்தில் மார்க்கெசீத்தா வண்டி போட்டிருக்கிறான். மாவைத் தகடாகச் சுட்டு, உள்ளே பாலாடைக்கட்டி துருவிச் சுருட்டிக் கொடுக்கிறான். நல்ல கூட்டம் என்கிறார்கள்.

இன்று மகளோடு போனேன். எதிர்ப்பக்கத்திலிருந்தே அவனைப் பார்த்துவிட்டேன். யோசிக்காமல் கையைத் தூக்கி ஆட்டினேன்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். நடுவில் நின்ற ஆட்களைத் தள்ளிக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று விழ. பாதி வழியில் நான்தான் என்று தெரிந்து நின்றான்.

முஷ்டியை உச்சந்தலையில் வைத்துக் காட்டினேன்.

அதைப் பார்த்தான். பிறகு செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பிப் போனான். அடுப்பில் மாவு கருகியிருந்தது.