வாசல் பெஞ்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை அக்காவுக்குத் தானம் பண்ணாமல் நீயே தேய்த்துக்கொள். நான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறேன்.

அவரவர் ஊர்க் குளிருக்குப் பயந்து இங்கே வந்து நாலு மாதம் தங்குகிறவர்கள் வழக்கம்போல் வந்திறங்கிவிட்டார்கள். மற்ற எட்டு மாதமும் பூட்டிக் கிடக்கும் இந்த அடுக்குமாடிக்குக் காவல்காரன், பிளம்பர் எல்லாம் நான் ஒருத்தன்தான். நேற்று வேலை முடித்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றாம் மாடி அம்மாள் வந்து, "எந்திரிப்பா, இது இங்க குடியிருக்கிறவங்களுக்கு" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டுகிற மழையில் அந்த பெஞ்சுக்குப் பலகை போட்டவனே நான்! "சரிங்கம்மா" என்று எழுந்துபோய் ஸ்பானர் எடுத்துவந்தேன். பலகையைக் கழற்றி என் அறைக்குள் கொண்டுபோய்விட்டேன். கேட்டால் ரிப்பேர். இப்போது இரண்டு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் பலகையைப் போட்டு, உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, வேலை போகாது. தண்ணீர் நின்றால் அவர்களுக்கு வேறு நாதியில்லை.

அடுத்த கடிதத்தைப் பெரிதாக எழுது. பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட விடாதே. இவர்கள் போய்விட்டால் எட்டு மாதத்துக்கு எனக்குக் கோபப்படக்கூட ஆள் கிடையாது.

மூன்றாம் மாடியிலிருந்து கத்துகிறாள், குழாய் ஒழுகுகிறதாம். இங்கே குடியிருக்கிறவன்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

உன் மகன்