ஓதிப் பிசைந்த மாவு

அன்புள்ள சீனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்புரியட்டும். இங்கே பேக்கரியில் எல்லாரும் சுகம். முதலாளியம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. கேக்குக்கு கிரீம் பூச உன் இடத்துக்கு வந்திருக்கும் புதுப்பெண், ரோஜாப்பூ வரைகிறேன் என்று முட்டைக்கோஸ் வரைகிறாள். சீனி இருந்தால் இப்படி ஆகுமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன பிறகும் உன் பேச்சுத்தான்.

உன் கடிதம் கிடைத்தது. ஹோட்டலில் உனக்குத் தனி மேசை, இரண்டு உதவியாளர்கள், தலையில் வெள்ளைத் தொப்பி. அந்தப் போட்டோவை முதலாளியம்மா கண்ணாடி அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறார். அதனால் அந்தப் பக்கம் தட்டு எடுக்க நான் போவதே இல்லை.

மூடி மறைப்பானேன்? எனக்கு உன்மேல் பொறாமை. அந்த ஹோட்டல் மேனேஜர் நம் கடைக்கு வந்தபோது மூன்று பன் தின்றார். மூன்றும் நான் பிசைந்தவை. நீ சிரித்துக்கொண்டே கொண்டுபோய் வைத்தாய், அவ்வளவுதான். என் பன்னைத் தின்றுவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். நோகாமல் நுங்கு தின்பது என்பது வேறு என்ன?

இப்போது என்னிடமே கேட்டிருக்கிறாய். "அக்கா, நம்ம பன்னை இங்க போட்டா மறுநாளே கல்லாப் போயிடுது, நீங்க எப்படிப் பிசைவீங்கன்னு எழுதுங்க." கூடவே, "இங்க கண்ணு வைக்கிறவங்க ஜாஸ்தி, எனக்காக ஓதி ஊதுங்க" என்று வேறு. நம் பழக்கம்தானே. அடுப்பு மூட்டுமுன் இருவரும் குர்ஆனின் ஃபலக் சூரா ஓதி, உள்ளங்கையில் ஊதி, முகத்தில் தடவிக்கொள்வோம். என் முகமெல்லாம் மாவு அப்பிவிடும். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

உனக்காக தினமும் ஓதினேன். பதிலும் எழுதினேன். மாவு, வெண்ணெய், புளிக்கவைக்கும் நேரம் எல்லாம் எழுதிவிட்டு, ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். மறதியில்லை, வேண்டுமென்றேதான். உறையை ஒட்டிப் பையில் வைத்துக்கொண்டு, தபாலில் போடுவதற்கு முன் பெண்கள் ஓதும் வகுப்புக்குப் போனேன்.

அன்று பாடம் நடத்தும் ஆலிமா அந்தச் சூராவுக்கே பொருள் சொன்னார். அதிகாலையின் இறைவனிடம் பாதுகாவல் கேட்கிறோமாம். இத்தனை வருஷம் ஓதியும் அதுகூட நமக்குத் தெரியாது. அடுப்பு மூட்டும் நேரத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று மகிழ்ந்துகொண்டே இருந்தேன். கடைசி வசனம் வந்தது. பொறாமைக்காரர் பொறாமை கொள்ளும்போது விளையும் தீங்கிலிருந்து காக்கச் சொல்லிக் கேட்கிறோமாம். உனக்காக அதை ஓதுகிறவள் நான்தானே! வேலியே பயிரை மேய்ந்த கதை.

மனசில் பொறாமை வந்தாலே பாவமா என்று, யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டேன். "வராத மனசு எங்கம்மா இருக்கு? அது வந்து, நம்ம கை ஒரு கெடுதலைச் செஞ்சாத்தான் தீங்கு. கையைப் பிடிச்சு வச்சுக்கங்க" என்றார். என் கை அப்போது பையின் மேல் இருந்தது. வாசலுக்கு வந்ததும் உறையைக் கிழித்துப் போட்டேன்.

விட்டது இதுதான். மாவில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கஞ்சியாகக் காய்ச்சு. கரண்டி இழுத்த கோடு மறையாமல் நிற்கும்போது இறக்கு. நன்றாக ஆறிய பிறகு மற்ற மாவோடு சேர்த்துப் பிசை. பன் மூன்று நாள் பஞ்சாக இருக்கும். இதை நான் வீட்டிலேயே காய்ச்சிக் கொண்டுவந்து, காலையில் நீ வருமுன்பே மாவில் சேர்த்துவிடுவேன், அதனால்தான் நீ பார்த்ததில்லை. யாருக்கும் நான் சொன்னதும் இல்லை. எனக்கென்று இருந்தது இது ஒன்றுதான்.

பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இதை எழுதும்போதும் எரிகிறது. அந்தத் தொப்பி உனக்குப் பொருத்தமாக வேறு இருக்கிறது. மேனேஜர் பாராட்டினால், யார் சொல்லிக்கொடுத்தது என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

நாளை ஓதும்போது கடைசி வசனத்தில் என்னை நினைத்துக்கொள். என்னிடமிருந்து உன்னைக் காக்கச் சொல். என்னிடமிருந்து என்னையும் காக்கச் சொல். பன் நன்றாக வந்தால் உடனே எழுதாதே, ஒரு வாரம் பொறுத்து எழுது. அதற்குள் சந்தோஷப்படக் கற்றுக்கொள்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

உன்
மாவு அக்கா