வாய் என்னுது, முழங்கால் உன்னுது

சாந்தோ தொமிங்கோ,
9 நவம்பர் 1998

அன்புள்ள ஞானத்தகப்பனார் தமாசோ அவர்களுக்கு,

ஆசீர்வாதம் தாருங்கள். கிழிந்த ஜவ்வைச் சரிசெய்ய முழங்காலில் போட்ட சின்னத் துளைகள் ஆறவில்லை. நீங்கள் ஊருக்குப் பஸ் ஏறியதுமே காய்ச்சல். முழங்கால் பப்பாளி மாதிரி வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. மறுபடி திறந்து கழுவினார்கள்.

டாக்டர் மிலாக்ரோஸ் தினமும் கேட்கிறார்: "ஏம்ப்பா, இந்த வயசுல இப்படி ஆகாதே. எதையோ சொல்லாம விட்டுட்டீங்களா?" அறுவைக்கு முன்பு மைதானத்துக் கொட்டகையில் என் முட்டியில் நீங்கள் போட்ட வலி ஊசியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் வெளியாள் முன்னால் உங்களிடம் பயிற்சி எடுக்கும் நம் மைதானத்துப் பையன்கள் பேசக் கூடாது. "வாய் என்னுது, முழங்கால் உன்னுது" என்பீர்களே, பேசுவது நீங்கள், ஆடுவது நாங்கள் என்று. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். சொல்லட்டுமா?

டிசம்பரில் அமெரிக்காக்காரர்கள் பேஸ்பாலுக்கு ஆள் எடுக்க வரும்போது, மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் கேட்சராகக் குந்த முடியுமா என்பதுதான் என் கவலை. பக்கத்துக் கட்டில் கிழவர் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் உன் பேரை இதுல கேக்கணும், அதுக்குள்ள செத்துடாதே" என்கிறார்.

வரும்போது அம்மாவிடம் வாழைக்காய் மசியல் வாங்கி வாருங்கள்.

உங்கள் ஞானமகன்,
நெல்கின்

---

சான் பெத்ரோ,
14 நவம்பர்

அன்பு மகனே,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது, வர முடியவில்லை.

ஊசியைப் பற்றி மூச்சு விடாதே. கேட்டால், சிகரெட் பிடிப்பேன் என்று சொல். உன் அம்மா வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை, அதையும் சொல். இரண்டும் பொய்யில்லையே? பையன்களிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஊசி விஷயம் வெளியே போனால் அமெரிக்காக்காரர்கள் நம் பக்கமே திரும்ப மாட்டார்கள். இத்தனை பையன்கள் என் அடுப்பை நம்பிச் சாப்பிடுகிறார்கள், நினைத்துப் பார்.

உன் இடத்தில் இப்போது ஹைரோ ஆடுகிறான். அவனுக்கும் முட்டி வலி. பார்த்துக்கொள்கிறேன்.

பாசத்துடன்,
தமாசோ

---

சாந்தோ தொமிங்கோ,
27 நவம்பர்

தமாசோ,

ஆசீர்வாதம் கேட்கவில்லை.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "முட்டில ஊசி ஏதாவது போட்டீங்களான்னு நான் கேட்டேனே! கூட நின்னவரு, 'காளை மாதிரி இருக்கான் டாக்டர், ஒண்ணும் போடல'ன்னாரே!" அந்த மருந்து வீக்கத்தோடு சேர்த்து, கிருமியை எதிர்க்கும் சக்தியையும் அடக்கிவிடுமாம். தெரிந்திருந்தால் அறுவையைச் சில மாதம் தள்ளிப்போட்டிருப்பாராம்.

சிகரெட்? சர்க்கரை? கேட்டேன். "அதுவும் ஆபத்துதான். ஆனா சிகரெட் வாசனை எனக்கே தெரிஞ்சுது, நிறுத்த வச்சேன். ரத்தத்துல சர்க்கரை பார்த்தோம், இல்ல. ஊசி மட்டும் யாராவது சொன்னாத்தானே தெரியும்?"

நீங்கள் அந்தப் பொய்யைச் சொன்னபோது உங்கள் கை என் தோளில் இருந்தது. தைரியம் சொல்லும் கை என்று நினைத்தேன். டிசம்பருக்குள் என்னை நிமிர்த்தி அமெரிக்காக்காரர்களிடம் விற்று உங்கள் பங்கை வாங்க வேண்டிய அவசரம், அவ்வளவுதான். இனி இந்தக் கால் முழுதாக மடங்காது. கேட்சராக நான் குந்தப் போவதில்லை.

பையன்களை நினைக்கச் சொன்னீர்கள். நினைத்தேன். அவர்கள் உங்கள் அடுப்பில் சாப்பிடவில்லை. நீங்கள்தான் அவர்கள் முழங்காலில் சாப்பிடுகிறீர்கள்.

நேற்று ஹைரோ பார்க்க வந்தான். "என்னடா நொண்டி, மெத்தை சொகுசா?" என்று சிரித்தான். உட்காரும்போது பல்லைக் கடித்தான். "அடுத்த வாரம் எனக்கும் இதே ஆபரேஷன். நான் உன்ன மாதிரி சிகரெட் பிடிக்கறவன் இல்லடா, எனக்கென்ன பயம்?"

"ஊசி போட்டாரா?"

"எல்லாருக்கும்தான் போடறாரு."

போர்வையை விலக்கி என் காலைக் காட்டினேன். அவன் சிரிப்பு நின்றது. கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு அவனை டாக்டர் அறைக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். ஹைரோ பதிலுக்காகப் பக்கத்தில் பார்த்தான். பக்கத்தில் நான் நின்றேன். அவன் தோளில் கை வைக்கவில்லை. வாயும் திறக்கவில்லை.

ஊசியைப் பற்றி அவனே சொன்னான்.

நெல்கின்